சிறுபொருள் சரித்திரம் – 7: பொருட்காட்சிக்குப் போய்வந்த தேக்கரண்டி

ரிங்கிட் என்னும் பெயர் அரசாங்க நோட்டுகளில் எத்தனையோ ஆண்டுகளாக அச்சாகி வந்தபோதிலும், அலோர் காஜா சந்தையில் வெண்டைக்காய்க்கு விலை கேட்கும் நம் தாய்மார்கள் இன்றும் ‘எத்தனை வெள்ளி?’ என்றுதான் கேட்கிறார்கள். அச்சொல் நம் நாவில் ஏறிய காரணத்தைச் சென்ற இதழில் கண்டோம். மெக்ஸிகோ நாட்டு வெள்ளி நாணயமும், 1903-ஆம் ஆண்டில் பம்பாய் நாணயசாலையில் அடிக்கப்பெற்றுக் கப்பலேறி வந்த நீரிணைக் குடியேற்றங்களின் டாலரும், நம் பாட்டன்மார்களின் மடியில் மெய்யான வெள்ளியாகவே கனத்திருந்த காலத்தின் எச்சம் அது. அதே உலோகம் நாணயமாகாமல், விரல் நீளமுள்ள ஒரு கரண்டியாக உருக்கொண்டு, உலகப் பொருட்காட்சிகளின் ஞாபகார்த்தமாகக் கடல் கடந்து வீடுகளில் குடிபுகுந்த கதையை இவ்விதழில் சொல்ல எண்ணுகிறேன்.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அது ஒரு பூஜை அலமாரியிலிருந்து என் கைக்கு வந்தது. அலோர் காஜாவுக்கு அருகே, முன்பு கித்தாத் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையும் வீடமைப்புப் பகுதியுமாகப் பிரிந்துபோன ஓரிடத்தில், தோட்டத்துப் பெரிய கிராணியாக உத்தியோகம் பார்த்த ஒருவருடைய மருமகள் வசிக்கிறார். எண்பது வயதைக் கடந்தவர். பழைய தோட்டத்துப் புகைப்படங்கள் ஏதேனும் கிடைக்குமா என்று கேட்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டே சுவாமிக்குத் தீர்த்தம் எடுத்து வைத்தவர் கையில், பஞ்சபாத்திரத்து உத்தரணி இருக்க வேண்டிய இடத்தில், சீமைத் தேக்கரண்டி ஒன்று இருந்தது. அதன் காம்பின் நுனியில் ஒரு சிங்கம். கட்டைவிரல் பட்டுப் பட்டு அதன் முகம் தேய்ந்திருந்தது. கீழே ஆங்கில எழுத்துகளில் வெம்பிளி என்னும் பெயரும் 1924 என்னும் ஆண்டும் இன்னும் படிக்கும்படியாக இருந்தன.

“அத்தை சொல்லுவாங்க, தொரை ஊருக்குப் போய் வந்தப்போ மாமாவுக்குக் கொடுத்ததாம். ரெண்டு வாட்டி பத்தர்கிட்ட கொண்டு போனோங்க ஐயா. வெள்ளி இல்லைன்னு திருப்பிக் கொடுத்துட்டார். அப்புறம் சாமி அலமாரியிலேயே வெச்சுட்டோம்” என்றார் அந்த அம்மையார்.

இந்தச் சில சொற்களுக்குள் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கிக் கிடப்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன். துரை எந்த ஊருக்குப் போனார், அங்கே ஏன் கரண்டி விற்றார்கள், பத்தர் வெள்ளி இல்லை என்று சொன்னது எதனால் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்மவருக்குக் கரண்டி என்பது பெரும்பாலும் பரிமாறும் கருவி. உண்பதற்கு ஐந்து விரல்கள் இருக்கின்றன. அகப்பை அடுக்களையிலும், உத்தரணி பூஜையறையிலும், பாலாடையும் சங்கும் பிள்ளை பெற்றவளின் அறையிலும் இருக்கும். வெள்ளியில் செய்து ஒருவருக்கு அன்பளிப்பாகத் தரும் வழக்கம் இவற்றில் பாலாடைக்கும் சங்குக்குமே அதிகம் உண்டு. ஐரோப்பியரிடத்திலும் ஏறக்குறைய இதே வழக்கம் இருந்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்யும்போது, காம்பின் தலையில் ஏசுநாதரின் சீடர் உருவம் வைத்த வெள்ளிக் கரண்டியைப் பரிசளிப்பது அவர்களுடைய பழைய சம்பிரதாயம். ஆனால் ஓர் ஊருக்குப் போய்வந்ததன் நினைவாகக் கரண்டி வாங்கி வருவதும், அதைக் கொண்டு எதையும் கலக்காமல் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக அடுக்கி வைப்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஒரு பெரும் மோகமாகப் பரவின.

அமெரிக்காவில் அதன் ஆரம்பத்தைத் திட்டமாகவே சொல்லலாம். 1889-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரத்துக் கால்ட் என்னும் நகைக்கடையார் ஜார்ஜ் வாஷிங்டனின் முகம் பதித்த கரண்டி ஒன்றை வெளியிட்டனர். அடுத்த இரண்டோர் ஆண்டுகளுக்குள், மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்துச் சேலம் நகரில் கடை வைத்திருந்த டேனியல் லோ என்பவர், 1692-இல் அவ்வூரில் நடந்த சூனியக்காரி வழக்குகளை நினைவுகூரும்படி, துடைப்பம் ஏந்திய கிழவியின் உருவத்தைக் காம்பில் வைத்து விற்றார். அப்பாவிகளைத் தூக்கிலிட்ட ஒரு கொடிய விசாரணையைத் தேநீர் மேசையின் அலங்காரமாக்கியது என் மனத்துக்கு உவப்பாயில்லை. எனினும் அந்தக் கரண்டி அபாரமாக விற்றது. அதைக் கண்டு ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு கரண்டி செய்துகொண்டது. 1891-ஆம் ஆண்டிலேயே இவ்வகைக் கரண்டிகளைப் பற்றிப் பாஸ்டனில் தனிப் புத்தகம் வெளியாகும் அளவுக்கு மோகம் முற்றிவிட்டது.

மோகத்துக்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் காரணம் இருந்தது. நெவாடா முதலிய மேற்குப் பிரதேசங்களின் சுரங்கங்கள் வெள்ளியை மலைமலையாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. சுரங்க முதலாளிகளைக் காப்பதற்காக 1890-இல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி அமெரிக்க அரசாங்கம் மாதந்தோறும் 45 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்கியது. அப்படியும் விலை நிற்கவில்லை. முன்பு சீமான்கள் மட்டுமே வைத்திருந்த வெள்ளிப் பாத்திரம் இப்போது பள்ளி ஆசிரியரும் கடைச் சிப்பந்தியும் வாங்கக்கூடிய பொருளாயிற்று. இந்த நிலையில்தான், கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த நானூறாம் ஆண்டைக் கொண்டாடும் சிகாகோ உலகப் பொருட்காட்சி 1893-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி திறந்தது. அக்டோபர் கடைசிவரை நடந்த அக்காட்சிக்கு ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் முறை ஜனங்கள் வாயில் கடந்து சென்றதாகக் கணக்கு. கொலம்பஸின் முகம், அவர் வந்த ஸாண்டா மரியா கப்பல், இஸபெல்லா ராணி, பூகோளம், காட்சி மண்டபங்கள் என்று கரண்டிகளில் பதியாத உருவமே இல்லை எனலாம்.

அவை செய்யப்பட்ட முறையையும் சற்றுப் பார்க்கலாம். வெள்ளித் தகட்டை உருளைகளுக்கிடையே விட்டு மெலிதாக்கி, கரண்டியின் வெளிக்கோட்டுக்கு ஏற்பத் துண்டுகளாக நறுக்கி, சித்திரம் குடைந்த இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையில் வைத்து, மேலிருந்து பெரும் பாரத்தை விழச் செய்வார்கள். ஓர் அடியில் காம்பின் இருபுறத்துச் சித்திரமும் ஏறிவிடும். பிறகு பிசிறு நீக்கி, குழியை வடித்து, மெருகிட்டு, சிலவற்றின் குழிக்கு மட்டும் மெல்லிய பொன்முலாம் பூசுவார்கள். ஒரே அச்சில் ஆயிரக்கணக்காக அடிக்கலாம். ஆகவே அதன் அழகெல்லாம் அச்சுக் குடைந்த அந்த ஒரு சிற்பியின் அழகே.

அக்கரண்டிகள் காட்டும் வெண்மாளிகைகளின் கதி என்ன ஆயிற்று? அவை சலவைக்கல் மாளிகைகளைப் போலத் தோன்றினவே ஒழிய, பாரிஸ் சாந்தும் சிமென்டும் சணல் நாரும் கலந்து குழைத்த பூச்சினால் ஆனவை. 1894-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5-ஆம் தேதி மூண்ட தீயில் அவற்றில் பெரும்பாலானவை சாம்பலாயின. ஆறு மாத ஆயுளுக்கென்று எழுப்பிய ஒரு நகரத்தின் திருவுருவம் தேக்கரண்டியின் குழியில்தான் மிஞ்சிற்று.

தமிழ் வாசகர்களுக்குச் சிகாகோ என்றதும் சுவாமி விவேகானந்தர் நினைவுக்கு வருவது இயல்பு. அவர் பேசிய சர்வமத மகாசபை அந்தப் பொருட்காட்சியின் ஓர் அங்கமாகவே கூடியது. சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகச் சென்று சேர்த்த பணமும் அவருடைய பிரயாணத்துக்கு உதவிற்று. மே 31-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறி, கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் கடல் வழியாகவே அவர் கிழக்கு நோக்கிச் சென்றார். அவர் கடலில் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஜூன் 26-ஆம் தேதி, இந்திய அரசாங்கம் ஒரு முடிவு செய்தது: வெள்ளியைக் கொண்டுவருவோர்க்கெல்லாம் ரூபாய் அடித்துத் தருவதை நாணயசாலைகள் அன்றோடு நிறுத்திவிட்டன. வெள்ளியின் வீழ்ச்சியிலிருந்து ரூபாயை மீட்பதே அதன் நோக்கம்.

வாசகர்கள் இந்த இடத்தில் சிறிது பொறுமையோடு கணக்குப் பார்க்க வேண்டுகிறேன். அதற்கு முன்பு, வெள்ளி எடைக்கு வெள்ளி எடை என்று வைத்துப் பார்த்தால், மலாயா டாலர் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டேகால் ரூபாய் வரவேண்டும். ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பின்னர் நிலைபெற்றுவிட்டது. இங்கிருந்த டாலரோ வெறும் வெள்ளியாகவே நின்று, வெள்ளியோடு சேர்ந்து சரிந்து, 1902-ஆம் ஆண்டில் 1 ஷில்லிங் 8 பென்ஸுக்கும் கீழே இறங்கிற்று. அதாவது ஒரு டாலருக்கு ஒன்றேகால் ரூபாய்கூடத் தேறவில்லை. தஞ்சாவூரிலும் சேலத்திலும் வட ஆற்காட்டிலும் தாய் தகப்பனை விட்டு வந்தவன், வயிற்றைக் கட்டிச் சேர்த்த டாலரை ஊருக்கு அனுப்பியபோது, அவன் உழைப்பு குறையாமலே அவன் பணத்தில் பாதி கரைந்து போயிற்று. 1906-இல் டாலரை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பொன்னோடு பிணைத்த பிறகே அது ஒன்றே முக்கால் ரூபாய்க்குத் திரும்பியது. சிகாகோவில் ஒரு பள்ளி ஆசிரியை மகிழ்ச்சியோடு வெள்ளிக் கரண்டி வாங்கும்படி செய்த அதே மலிவு, கடலுக்கு இந்தப்புறம் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மணியார்டரைச் சுருக்கியது. வெள்ளியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தக் கரண்டி கலக்கிய தேநீருக்கும் நம்மவருக்கும் சம்பந்தமுண்டு. சிகாகோவில் இலங்கை அரசாங்கம், அத்தீவின் மரங்களையே கொண்டு போய், சிங்களச் சிற்ப முறையில் அழகிய மண்டபம் ஒன்றை எழுப்பியிருந்தது. அப்பொருட்காட்சியில் இலங்கைத் தேயிலை 10 லட்சம் பொட்டலங்கள் விற்றதாகத் தேயிலை வரலாற்றில் குறிப்பிடுவார்கள். மண்டபத்தைக் காட்சி முடிந்ததும் ஒரு வங்கி முதலாளி விலைக்கு வாங்கி, விஸ்கான்ஸின் ராஜ்யத்து ஜெனீவா ஏரிக்கரையில் தமக்கு வீடாக அமைத்துக்கொண்டார். அந்தத் தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிய மலையகத் தமிழ்ப் பெண்களின் உருவம் எந்தக் கரண்டியிலாவது இருக்குமா என்று நான் தேடிப் பார்த்ததுண்டு. இதுவரை என் கண்ணில் படவில்லை.

நம் நாட்டுத் தொழிலாளர் வெள்ளிக் கரண்டி செய்யத் தெரியாதவர்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். சென்னை மவுண்ட் ரோடில் இருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் என்னும் நிறுவனத்தின் பெயரால் விற்ற ‘சுவாமி வேலை’ வெள்ளிப் பாத்திரங்கள் சீமையில் பெரும் கீர்த்தி பெற்றவை. தேநீர்க் கூஜாவிலும் சர்க்கரைக் கிண்ணத்திலும் தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும். கரண்டிகளிலோ, ஐரோப்பியருடைய சீடர் உருவம் இருந்த இடத்தில் நம் தெய்வ உருவங்கள் ஏறி நின்றன. வேல்ஸ் இளவரசர் 1875–76-இல் இந்தியாவில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது பெற்ற வெகுமதிகள் 1878-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் வைக்கப்பட்டதிலிருந்து, இந்திய உலோக வேலைப்பாட்டுக்கு ஐரோப்பாவில் ரசிகர்கள் பெருகினர். கடையின் பெயர் ஆங்கிலேயருடையது. உளி பிடித்த கை நம் கம்மாளருடையது. மூசையில் வெள்ளியை உருக்கி, பாளமாக வார்த்து, பட்டடையில் தட்டி நீட்டி, மெழுகும் அரக்கும் வைத்துத் தாங்கி, ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியே உளியால் எழுப்பிய கரண்டிக்கும், ஓர் அடியில் பிறந்த ஆயிரத்தில் ஒரு கரண்டிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தடவிப் பார்த்தாலே விரல் சொல்லிவிடும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மலாக்காவிலேயே, 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அமைந்துள்ள தெருவின் பெயர் ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு. அத்தெருவின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் உலைக்களத்து ஊதுகுழலின் ஓசை என் காதில் கேட்பதுபோல் இருக்கும்.

இனி வெம்பிளிக்கு வருவோம். லண்டன் நகரத்தின் வடமேற்கே உள்ள வெம்பிளியில், பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பொருட்காட்சியை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1924-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி திறந்து வைத்தார். அவ்வாண்டும் அடுத்த ஆண்டுமாக அது நடந்தது. வந்தவர் தொகை இங்கும் சுமார் 2 கோடியே 70 லட்சம். சிங்கமே அதன் சின்னம். பிரிட்டன் வெளியிட்ட முதல் ஞாபகார்த்தத் தபால்தலைகளும் சிங்கத்தோடு அப்போதுதான் வந்தன. அச்சிங்கம் கரண்டிகளின் காம்பிலும் ஏறிக்கொண்டது. மலாயாவுக்கென்று, கும்மட்டங்களும் ஸ்தூபிகளும் உயர்ந்த தனி மண்டபம் ஒன்று இருந்தது. ஈயமும் ரப்பரும் அங்கே பிரதான காட்சிப் பொருள்கள். ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவன்சன் திட்டம் 1922 நவம்பர் முதல் அமலில் இருந்த காலம் அது. 1925-இல் ரப்பர் விலை வெகுவாக ஏறித் துரைமார்களின் முகம் மலர்ந்திருந்தது. விடுமுறையில் தாயகம் சென்ற தோட்டத்துத் துரை ஒருவர் வெம்பிளியைப் பார்க்காமல் திரும்புவது அரிது. தம் குழந்தைகளுக்கு ஒன்றிரண்டும், தம் பெரிய கிராணிக்கு ஒன்றுமாகச் சிங்கக் கரண்டி வாங்கி வந்திருப்பார். அன்போடுதான் வாங்கி வந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அதே பொருட்காட்சியை இந்தியர்கள் பகிஷ்கரிக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர் ஒரு தமிழர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். கெனியாவில் குடியேறிய இந்தியருக்குச் சம உரிமை மறுத்து 1923-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் வெளியிட்ட தீர்மானம், வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரைப் போன்ற மிதவாதியையே மனம் கொதிக்கச் செய்தது. வெளிநாட்டு இந்தியரைத் தாழ்ந்தவராக நடத்தும் சாம்ராஜ்யத்தின் திருவிழாவில் நமக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி. அவரே 1936-ஆம் ஆண்டுக் கடைசியில் மலாயாவுக்கு வந்து, தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, இந்தியத் தொழிலாளர் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். மந்த காலத்தில் வெட்டிய கூலியை மீண்டும் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று உயர்த்த வேண்டும் என்பது அதன் முக்கிய சிபாரிசு. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, இருள் பிரியுமுன் தீம்பாரில் நுழைந்து, மரம் மரமாகப் பால்வெட்டி, மங்குகளில் சேர்ந்ததை வாளியில் ஊற்றிக் கொட்டகைக்குச் சுமந்தவளின் ஒரு நாள் மதிப்பு 40 காசு! வெம்பிளி மண்டபத்தில் அடுக்கிய ரப்பர் அவள் கைப்பால்.

இப்போது பத்தரின் தீர்ப்புக்கு வருகிறேன். அம்மையாரின் அனுமதியோடு அக்கரண்டியை ஜன்னலருகே எடுத்துச் சென்று திருப்பிப் பார்த்தேன். காம்பின் பின்புறம் ஈ, பி, என், எஸ் என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் தனித்தனிக் கட்டங்களில் இருந்தன. நிக்கல் கலந்த மட்ட உலோகத்தின்மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் ஏற்றியது என்பது அதன் பொருள்; பர்மிங்ஹாம் நகரத்து எல்கிங்டன் நிறுவனத்தார் 1840-இல் காப்புரிமை பெற்ற முறை அது. தலைமுறை தலைமுறையாக வெள்ளிக்கிழமைதோறும் விபூதி போட்டுத் துலக்கியதில், குழியின் விளிம்பிலும் சிங்கத்தின் மூக்கிலும் முலாம் போய், உள்ளே இருந்த மங்கிய மஞ்சள் சாயல் வெளியே தெரிந்தது. பத்தர் பொய் சொல்லவில்லை.

அவர் வாங்க மறுத்ததுதான் கரண்டியைக் காப்பாற்றியது. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசிக்கும் மருந்துக்கும் துணிக்கும் தோட்டத்து மக்கள் விற்காத பொருள் இல்லை. சயாம் ரயில் பாதைக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள் காலிலிருந்த தண்டையும், குழந்தையின் அரைஞாணும், சீமந்தத்துக்கு வந்த பாலாடையும் அடகுக்கடைக்கும் பத்தரின் மூசைக்கும் போயின. அப்படி விற்று வாங்கிய வாழைமரப் படம் போட்ட நோட்டுகள், ஜப்பான் சரணடைந்ததும் வெறும் காகிதமாயின. மெய்யான வெள்ளி எல்லாம் உருகிப்போன வீட்டில், வெள்ளியாக இல்லாத குற்றத்துக்காக இந்த ஒரு கரண்டி தங்கிவிட்டது. ரெம்பியா, காடேக், பூலாவ் செபாங் பக்கத்துப் பழைய தோட்டக் குடும்பங்களிலும் இப்படி விலை போகாமல் தங்கிய பொருள்கள் சில இருக்கவே செய்யும்.

பிற்காலத்தில் இந்நாட்டிலேயே ஞாபகார்த்தக் கரண்டிகள் பெருகின. செம்பரத்தைப் பூவும் நிழற்கூத்துப் பாவையும் தலையில் வைத்த கிளந்தான் வெள்ளிக் கரண்டிகளும், சிலாங்கூரில் வார்த்த ஈயக் கலப்புக் கரண்டிகளும் எல்லோரும் அறிந்தவை. அவற்றைப் பற்றிப் பிறிதோர் இதழில் எழுதலாம்.

வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பூஜை அலமாரியிலோ, பாட்டியின் தகரப் பெட்டியிலோ கறுத்துப்போன சிறு கரண்டி ஒன்று கிடைத்தால், அதை நிறுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நடக்கும் சிங்கமும் நங்கூரமும் முத்திரையாக இருந்தால், அது பர்மிங்ஹாமில் சோதித்த, ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்தமான வெள்ளி. பக்கத்திலுள்ள தனி எழுத்து ஆண்டைக் குறிக்கும். நான்கு எழுத்துகள் இருந்தால் முலாம். எதுவாயினும், அது யாருக்கு யார் கொடுத்தது, எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அந்தக் கரண்டியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அந்த அம்மையாரின் கரண்டிக்கு நான் அப்படி ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

(தொடரும்)